திருப்பிப் போட்ட நாற்காலி

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோய் அல்ல. எழுதினால் யாராவது புண்ணியவான் அவளுக்கு அனுப்பி வைப்பார், அவள் உடனே போன் பண்ணுவாள், போனை எடுப்பது என் கணவராக இருக்கும். அப்புறம் ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் அடுப்படியில் நின்று கொதிக்கிற குழம்பைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பை ஏற்கெனவே வேண்டிய மட்டும் கேட்டாயிற்று.

நானும் அவளும் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் வேலை செய்தோம். எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் பிரித்தவர்களை மறுபடியும் நடக்க வைப்பது, கையைத் தலைக்கு மேல் தூக்க வைப்பது எங்கள் வேலை. இருவருக்கும் ஒரே படிப்பு, ஒரே சம்பளம், அடுத்தடுத்த கட்டில்கள், நடுவில் ஒரு பச்சைத் திரை. வருகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டாரிலிருந்து விழுந்தவர்கள். எங்கள் ஊரில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான். காப்பாரிலிருந்தும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புத் தமான்களிலிருந்தும் துறைமுகத்துக்கும் ஃபெக்டரிக்கும் விடிந்தும் விடியாமலும் கிளம்பி ஓடுகிற ஜனங்கள்.

பார்த்தால் அவளிடம் பொறாமைப்பட ஒன்றும் இருக்காது. குள்ளம். எந்நேரமும் அவிழ்ந்து விழப் போகிற கொண்டை. கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் ஒன்றைப் பாதி கடித்துத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நோயாளிகளுக்கு நடுவே இரண்டு கடி கடித்துக்கொள்வாள். டூட்டிக்கு என்றைக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. என் குடையை எடுத்துப்போய் எங்காவது வைத்துவிட்டு, மழை வந்ததும் என்னிடமே வந்து குடை கேட்பாள். நான் சொன்ன நேரத்துக்கு வருவேன், கட்டிலைத் துடைத்து வைப்பேன், சட்டையில் ஒரு மடிப்பு இருக்காது. ஆனாலும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வருகிற ஒவ்வொருவரும் என்னைத் தாண்டி எட்டிப்பார்த்துக் கேட்பது ஒரே கேள்விதான். “அந்த அக்கா இல்லையா?”

நாங்கள் எல்லோரும் எங்கே வலிக்கிறது என்று கேட்டு ஆரம்பிப்போம். அவள் அதைக் கேட்கவே மாட்டாள். “எப்படி விழுந்தீங்க?” என்பாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். சங்கதியே அங்கேதான் இருக்கிறது. கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதன் பிறகு அப்படி ஒரு மௌனம் காக்க என்னால் முடியாது, கடவுள் என்னை அப்படிப் படைக்கவில்லை. எதிரில் இருப்பவர் இரண்டு முறை கண் சிமிட்டுவதற்குள் நானே பதிலையும் சொல்லி, அதற்கான அறிவுரையையும் சொல்லி முடித்துவிடுவேன்.

அவளிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. கை இல்லாத, சிவப்பு நிற, பாசார் மாலாம் இரவுச் சந்தைச் சாப்பாட்டுக் கடை நாற்காலி. அதைத் திருப்பிப் போடுவாள். முதுகு சாய்கிற பக்கம் முன்னால் வரும். நோயாளி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, அந்த முதுகுப் பலகையின் இரண்டு முனைகளையும் ஹேண்டில் மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டும். கால் மடக்க முடியாதவராக இருந்தால் அவளே உட்கார்ந்துகொண்டு, என்ன செய்யவேண்டும் என்று அவரைச் சொல்லச் சொல்வாள். “இப்ப காட்டுங்க, எங்க இருந்து வந்தீங்க, எந்தப் பக்கம் பார்த்தீங்க, கை எங்க இருந்துச்சு.” பெரிய பெரிய ஆண்கள், தொப்பையும் மீசையுமாக, சின்னப் பிள்ளைகளைப்போல அந்த நாற்காலியில் உட்கார்ந்து மோட்டார் ஓட்டுவார்கள். விழுந்த இடம் வரும்போது அவர்கள் உடம்பு தானாக ஒரு பக்கம் சாயும். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“வாய் பொய் சொல்லும் லா,” என்பாள் என்னிடம். “கை சொல்லாது.”

எப்படி விழுந்தால் என்ன, உடைந்தது உடைந்ததுதானே, போலீஸ் வேலையெல்லாம் நமக்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். எரிச்சலில்தான் கேட்டேன். அவள் கறிபாப்பை மென்று முடித்துவிட்டுச் சொன்னாள்: “தெரியலன்னா அதே மாதிரி போய் மறுபடி விழுவாங்க. மறுபடி நீ கை தூக்க சொல்லிக் குடுப்பே. அப்படியே ரிட்டையர் ஆயிடுவே.”

அவளுக்குக் காயங்கள் வகை வகையாகத் தெரியும். மணிக்கட்டு உடைந்து வருகிறவர் எதிரில் வந்ததைப் பார்த்துவிட்டு விழுந்தவர், பயத்தில் கை முன்னால் போயிருக்கும். தோள் அடி வாங்கியிருந்தால் அவர் எதையும் பார்க்காமல் விழுந்தவர். இடது முழங்காலுக்குக் கீழே அடி என்றால் சிம்பாங்கில், அதாவது கிளைச் சாலை வந்து சேருகிற இடத்தில், மூக்கை நீட்டிய கார், எங்கள் பேச்சில் காடி. மழைக்கு மேம்பாலத்தடியில் ஒதுங்கி நின்றவர்களுக்கு முதுகிலும் இடுப்பிலும்தான் அடிபடும், ஏனென்றால் அவர்கள் சாலைக்கு முதுகு காட்டி நின்று மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள். குளிர்காற்றுக்காகச் சட்டையை முன்பின்னாக மாட்டி ஓட்டுகிற நம் ஆட்கள் விழுந்தால், ஆம்புலன்ஸில் அதைக் கழற்றுவதற்குள் பாதி உயிர் போய்விடும் என்பாள்.

இன்னொன்றும் சொல்வாள். நெடுஞ்சாலை முழுக்க ஹெல்மெட் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிற மனிதர், தன் தமான் வாசலில் திரும்பியதும் ஒரு கையால் வாரை அவிழ்த்துவிடுவார். வீடு வந்துவிட்டதாம், இனிமேல் போலீஸ் இல்லையாம். மண்டையில் அடிபட்டு வருகிற பல பேர் வீட்டு வாசல் கேட் தெரிகிற தூரத்தில் விழுந்தவர்கள்தான். என் கணவரும் அப்படித்தான் அவிழ்ப்பார். கல்யாணம் ஆன நாள் முதல் நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்.

ஒரு முறை குதிகால் பிய்ந்த பெண் குழந்தை ஒன்று வந்தது. படியில் வழுக்கி விழுந்தது என்றாள் தாய். தகப்பன் கதவோரம் நின்று காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். இவள் தாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தகப்பனை உட்காரச் சொன்னாள், அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்தாள். “அப்பா கூட எப்படி போவே, காட்டு.” குழந்தை அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கால் இரண்டையும் உள்பக்கமாக மடக்கிச் சொருகியது. மோட்டாராக இருந்தால் பின்சக்கரக் கம்பிகள் சுற்றுகிற இடம் அது. தகப்பனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கடைக்குத்தானே, பக்கத்துக் கடைக்குத்தானே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் திட்டவே இல்லை. அடுத்த முறை அந்த மனிதர் வந்தபோது, மோட்டாரின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தகரத்தடுப்பு போட்டதை போனில் படம் எடுத்து வந்திருந்தார். என்னிடம் காட்டவில்லை. அவள் வரும்வரை வெளியே காத்திருந்து அவளிடம் காட்டினார்.

அந்த நாற்காலியில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று நினைத்தேன். அவள் லீவு போட்ட ஒருநாள் நானே அதைத் திருப்பிப் போட்டேன். வந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர், ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல், மணிக்கட்டு முறிவு. “எப்படி விழுந்தீங்க?” என்று கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லைசென்ஸ் இருந்ததா, முதலாளி மோட்டாரா, ஏன் பின்சந்தில் போனீர்கள் என்று அதற்குள் நான் மூன்று கேள்வி கேட்டுவிட்டேன். அவர் மரியாதையாகச் சொன்னார், “சிஸ்டர், அந்த அக்கா நாளைக்கு வருவாங்களா?”

மறுநாள் அவளிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். “அது அவரு சொன்னது லா,” என்று நகர்ந்துவிட்டாள். மற்றவர்கள் விழுந்த கதைகளைப் பொதுவாகப் பேசுவாளே தவிர, ஒருவர் நம்பிச் சொன்ன காரணத்தை வெளியே விடமாட்டாள். எனக்கு அது திமிராகப் பட்டது. ஊரில் பாதிப்பேரின் ரகசியத்தைச் சட்டைப் பையில் கறிபாப்போடு வைத்துக்கொண்டு அலைகிறாள் என்று நினைத்தேன்.

அப்புறம் என் கணவர் விழுந்தார்.

அவர் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டினார். மோட்டாரில்தான் போய்வருவார். அதற்கு முன்பும் இரண்டு தடவை சின்னதாக அடிபட்டிருந்தது. ஒரு தடவை முழங்கையில் சிராய்ப்பு, ஒரு தடவை முழங்காலுக்குக் கீழே வீக்கம். இரண்டுக்கும் நானே வீட்டில் மருந்து போட்டேன், கூடவே திட்டும் போட்டேன். இந்த முறை ஓரமாக நின்றிருந்த லோரியில் மோதி இடது தோள் பக்கத்துக் கழுத்தெலும்பு முறிந்துவிட்டது. நாய் குறுக்கே வந்தது, ஒதுங்கப் போய் இடித்துவிட்டேன் என்றார். அவசரப் பிரிவுக் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் எனக்குப் பயம் தலைக்கு ஏறியது. பயம் ஏறினால் எனக்கு வாய் நிற்காது.

“இத்தனை பெரிய லோரி, கண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்றேன். ஹெல்மெட் வார், தே தாரிக் டீயில் சீனி, என் பேச்சைக் கேட்காதது என்று அப்படியே வரிசையாகப் போனேன். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பும்வரை நிறுத்தவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

எலும்பு கூடியதும் பயிற்சிக்கு வந்தார். சொந்தக் குடும்பத்தை நாங்களே பார்க்கக்கூடாது என்பது பிரிவின் வழக்கம். அடுத்த கட்டிலுக்குத்தான் அனுப்புவார்கள், அடுத்த கட்டில் யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நான் ஒரு பாட்டியம்மாவின் முழங்காலை மடக்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். “காட்டுங்க அண்ணே.” கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. அப்புறம் என் கணவரின் குரல், தாழ்ந்து, நீளமாக. என்னிடம் அவர் ஒரு நாளில் பேசுகிற பேச்செல்லாம் சேர்ந்தாலும் அந்த நீளம் வராது. அதன் பிறகு சிரிப்பு. அவர் சிரித்தால் தோள் குலுங்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. திரையில் நிழலாகத் தெரிந்தது.

ஒரு வாரம் சென்று பார்க்கிறேன், அவர் வீட்டில் சீனி போடாத காப்பி கேட்கிறார். கேட்டால், “அவங்க சொன்னாங்க” என்றார். காடியில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏறின கையோடு பெல்ட் போடுகிறார், இதுவும் அவங்க. எத்தனை வருஷமாகத் தொண்டை கிழியச் சொன்னேன். அந்தக் காப்பியை ஊற்றி நங்கென்று மேசையில் வைத்தேன். ஒரு மனிதரை உயிரோடு வைத்திருக்க நான் பட்ட பாடெல்லாம் வீண், நேற்று வந்தவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து முடித்துவிட்டாள்.

அவளை ஏதாவது ஒன்றில் ஜெயித்தே ஆகவேண்டும் என்றிருந்தது. அவளுக்குக் கல்யாணம் ஆகி முறிந்திருந்தது, அவள் அதைப்பற்றிப் பேசுவதில்லை. நான் அந்த இடத்தில்தான் கை வைத்தேன். ஒரு மதியம், என் டப்பாவிலிருந்து அவள் மீன் எடுத்துத் தின்றுகொண்டிருக்கும்போது, என் கணவர் எப்படி மாறிவிட்டார் என்று சொன்னேன். முன்பெல்லாம் நான் பேசினால் டிவியைப் பார்த்துக்கொண்டே ம் கொட்டுவார். கொஞ்ச காலமாக அப்படி இல்லை. சோபாவில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் முகத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்க்கிறார். கடைக்கண்ணால் அல்ல, முழு முகத்தையும் திருப்பி. சாப்பிடும்போதும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி பார்க்கிறார் என்றேன். வெட்கத்தை விட்டுத்தான் சொன்னேன். அது எனக்கு உண்மையிலேயே பெரிய சொத்தாக இருந்தது. அந்தத் திரும்புதலுக்காகவே வேண்டாத பேச்செல்லாம் பேசுவேன்.

அவள் மீனை அப்படியே வைத்துவிட்டாள்.

“எந்தப் பக்கம் உக்காருவே?” என்றாள்.

“எப்பவும் அவருக்கு லெஃப்ட் பக்கம்தான். ஏன்?”

“சும்மா கேட்டேன்.” எழுந்து கை கழுவப் போய்விட்டாள். திரும்பி வந்தவள் அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. சுட்டுவிட்டது, நன்றாகச் சுடட்டும் என்று நினைத்தேன். அன்று மாலை பாட்டுப் பாடிக்கொண்டே காடி ஓட்டினேன்.

அதன் பிறகுதான் அந்தச் சனிக்கிழமை. தீபாவளிக்குச் சேலை எடுக்க கோமுட்டர் ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். என் கணவர் துறைமுகத்தில் தன்னோடு வேலை செய்கிறவர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். நல்ல வெயில். பூக்கடைகளைத் தாண்டி நடந்துகொண்டிருந்தவள், சாலைக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவர் வாழ்நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டவர் இல்லை. பக்கத்தில் அவள். கொண்டையை ஒழுங்காகப் போட்டிருந்தாள், அது எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அவர் இடது முழங்கையை அவள் பிடித்திருந்தாள். பிடித்தபடியே இரண்டு பேரும் சாலையைக் கடந்தார்கள். அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள்.

கூப்பிட்டிருக்கலாம். பூக்காரம்மாள் “என்னம்மா வேணும்” என்று கேட்டதும், ஏதோ ஒரு சரத்தைக் காட்டி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தேன். சேலை எடுக்கவில்லை. ரயிலில் எதிரில் உட்கார்ந்திருந்த புருஷன் பெண்டாட்டி ஒரே போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களையும் பிடிக்கவில்லை. அவள் சின்ன வயதா என்றால் இல்லை, அழகா என்றால் இல்லை. அதுதான் என்னை அதிகமாக எரித்தது. அழகில் தோற்றிருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

அவர் மாலையில் வந்தார். பூவை நான் இன்னும் தலையில் வைக்கவில்லை, மேசைமேல் கிடந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் உங்களைப் பார்த்தேன் என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. பயத்தில் எப்போதும் ஓடுகிற என் வாய் அன்றைக்கு அடைத்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் யாருக்கும் அவ்வளவு நேரம் பேசாமல் காத்திருந்ததில்லை.

அவர் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்தார். திருப்பிப் போட்டார். கால் இரண்டையும் போட்டு உட்கார்ந்து, முதுகுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“இப்படித்தான் வந்துகிட்டு இருந்தேன்,” என்றார். “நாய் ஒண்ணும் வரல. லோரி அங்கேயேதான் நின்னுச்சு. எனக்குத் தெரியல.”

இடது கண்ணில் கொஞ்ச காலமாகவே பார்வை மங்கி, புகை அடைத்த மாதிரி இருந்திருக்கிறது. இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை வியாதி, கண்ணுக்குள்ளே ரத்தத்தைக் கசியவிட்டிருக்கிறது. முழங்கைச் சிராய்ப்பு, கால் வீக்கம், கழுத்தெலும்பு, மூன்றும் இடது பக்கம். மூன்றுக்கும் மருந்து போட்ட பெண்டாட்டி, எலும்பும் தசையும் படித்தவள், ஒன்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நாய் வந்தது என்று சொன்னவர் நாற்காலியில் உட்கார்ந்து காட்டும்போது கை பிரேக்குக்குப் போகவே இல்லையாம். அதைத்தான் அவள் முதலில் பார்த்தாள். அப்புறம் பயிற்சிப் பந்தை இடது பக்கமிருந்து போட்டுப் பார்த்தாளாம், கணக்குப் பார்த்தால் நான் அந்த மீன் கொண்டுபோன நாளுக்கு மறுநாள். பந்து தோளில் பட்டு விழுந்த பிறகுதான் அவர் திரும்பினாராம்.

ஃபோர்க்லிப்ட் வேலை போய்விடும் என்று பயந்து மறைத்திருக்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸில் அவளுக்குத் தெரிந்த கண் டாக்டர் இருந்ததால் அங்கே கூட்டிப்போயிருக்கிறாள். கண்மணியை விரிக்கிற சொட்டுமருந்து போட்டதால் வெளிச்சம் கூசி, வழி தெரியாமல், கையைப் பிடித்துச் சாலை கடக்க வேண்டியிருந்திருக்கிறது. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டதாம், ஆனால் காப்பாற்றிவிடலாம் என்றாராம் டாக்டர். தீபாவளிக்குள் உங்கள் மனைவியிடம் நீங்களே சொல்லவேண்டும், சொல்லாமல் ஃபோர்க்லிப்டில் ஏறினால் நான் கம்பெனிக்குச் சொல்வேன் என்று இவள் கெடு வைத்திருந்தாளாம்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததும் உண்மைதான், நானும் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் வாயில் வந்தது வேறு.

“அவகிட்ட சொல்ல முடிஞ்சுது. என்கிட்ட சொல்ல முடியல. நானும் அதைத்தானே கேட்டேன், கண்ணு தெரியலையான்னு, அன்னைக்கே கேட்டேனே.”

“கேட்ட,” என்றார். “பதில் சொல்ல விடல.”

கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலியை எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அடிக்கிற மாதிரி சொல்லியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

அவர் குளித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சோபா ஞாபகம் வந்தது. என்னைப் பார்க்க அவர் முகத்தை முழுதாகத் திருப்பியது. நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். திருப்பாவிட்டால் நான் அவருக்குத் தெரியமாட்டேன், அவ்வளவுதான் விஷயம். கல்யாணமான புதிதும் இல்லை, ஒன்றும் இல்லை. அதை நான் பெருமையாகச் சொன்னபோது அவள் மீனைக் கீழே வைத்தாளே, அது பொறாமையில் அல்ல. அவள் அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிட்டாள். என்னிடம் இருந்த ஒரே சொத்தையும் நோய் என்று கண்டுபிடித்துவிட்டாள். அவர் கண்ணைக் காப்பாற்றியவள் அவள்தான், எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று அவளை மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவள் முன்னால் போய் நின்றேன். சண்டை போடத்தான் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லிட்டாரா என்று கேட்டாள். தலையாட்டினேன். அவளுக்குப் பெருமூச்சு வந்தது. அது நடிப்பு இல்லை, அதனால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று. பேசாமல் என் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன். அவள் இருந்ததில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

“இனிமே ரைட் சைடு உக்காரு லா. அவருக்கு ஈசியா இருக்கும்.”

அடுத்த வருஷம் அவள் டெங்கில் பக்கம் ஒரு மையத்துக்கு மாற்றிக்கொண்டு போனாள். போகும்போது என் குடையையும் எடுத்துக்கொண்டு போனாள். நாற்காலியை மட்டும் விட்டுப்போனாள். நான் அதைத் திருப்பிப் போடுவதுண்டு. உள்ளங்கையில் நகம் பதிய வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் சில பேர் சொல்லவும் செய்கிறார்கள். ஆனாலும் பழைய நோயாளி யாராவது வந்தால், என்னைத் தாண்டி எட்டிப்பார்ப்பது இன்னும் நின்றபாடில்லை.

என் கணவரின் இடது கண் பாதிதான் திரும்பியது. வலது கண் நன்றாக இருக்கிறது. கம்பெனியில் அவரை ஃபோர்க்லிப்டிலிருந்து இறக்கி ஸ்டோர் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். மோட்டாரை விற்றாயிற்று. விசேஷம் வந்தால் டெங்கிலுக்கு போன் போகும், ஹாலில் சிரிப்புக் கேட்கும்.

அவள் சொன்ன எல்லாவற்றையும் நாங்கள் கேட்டோம், ஒன்றைத் தவிர. சோபாவில் நான் இன்னும் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருகிறேன். கஷ்டப்பட்டுத் திரும்பட்டும்.

காடியில் மட்டும் வேறு வழியில்லை. நான் ஓட்டுவதால் அவருக்கு வலது பக்கம் வந்துவிடுகிறேன், நல்ல கண்ணின் பக்கம். திரும்பாமலே நான் அவருக்குத் தெரிவேன். இருந்தும் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, நான் ஏதாவது சொன்னால், அவர் முகத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்க்கிறார். பழக்கதோஷமா, வலது கண்ணும் கெட்டுவருகிறதா என்று முதலில் திக்கென்றது. டாக்டரிடம் காட்டினோம், வலது கண்ணில் புதிதாக ஒன்றும் இல்லை என்றார். அப்படியானால் ஏன் திரும்புகிறார்? அவளாக இருந்தால் கேட்டுவிட்டு வாயை மூடிக் காத்திருப்பாள். நான் கேட்கமாட்டேன்.